கரும்பலகை முன் நின்ற தலைவர்

நம் பிறந்த நாள் எது என்று யாரேனும் கேட்டால் உடனே விடை சொல்லிவிடுவோம். பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் எழுதிக் கொடுத்த தேதி நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் தாம் பிறந்த தேதி இன்னதென்று அறியாத ஒருவர், தம் வாழ்வின் மிகப் பெரிய கடமையைத் தொடங்கிய நாளையே தம் பிறந்த நாளாக ஏற்றுக்கொண்டார். அந்த நாளை ஒரு நாடே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது. அதனை இளைஞர்களுக்கு உரிய திருநாளாகவும் ஆக்கியிருக்கிறது. அந்த நாடு துருக்கி. அந்த நாள் மே 19. அவர்தாம் புதிய துருக்கியின் தந்தை எனப் போற்றப்படும் முஸ்தபா கமால் அத்தாதுர்க்.

துருக்கி எங்கே, நாம் எங்கே, அவரைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். நேரு அவர்கள் சிறையிலிருந்தபடியே தம் மகள் இந்திராவுக்கு உலக சரித்திரத்தைக் கடிதங்களாக எழுதினார் அல்லவா? அவற்றுள் 1933இல் எழுதிய கடிதங்களில் கமாலின் கதையும் வருகிறது. அப்போது இந்திராவுக்கு வயது 15. அதாவது, பத்தாம் வகுப்பில் படிக்கும் நம்முடைய வயதுதான்.

எனக்கு அவரை அறிமுகம் செய்தது ஒரு படம். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருந்தேன். கோட்டு அணிந்த ஒருவர் கரும்பலகை முன் நின்று எழுத்துக்களைக் கற்பித்துக் கொண்டிருந்தார். யாரோ ஆசிரியர் போலும் என்று நினைத்தேன். படத்தின் அடியில் பார்த்தால், துருக்கிக் குடியரசின் தலைவர் என்று அச்சிட்டிருந்தது. ஒரு நாட்டை ஆளுகிறவர் எதற்காகச் சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்க வேண்டும்? இக்கேள்வியே என்னை அவருடைய வரலாற்றைப் படிக்கத் தூண்டிற்று. அதற்குரிய விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

முஸ்தபா 1881ஆம் ஆண்டு சலோனிக்கா என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அந்நாளில் அது ஒட்டோமான் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று கிரேக்க நாட்டில் தெசலோனிக்கி என்னும் பெயருடன் விளங்குகிறது. புனித பவுல் அடிகளார் தெசலோனிக்கருக்குத் திருமுகங்கள் எழுதினாரே, அதே நகரம்தான். தந்தை அலி ரிசா சுங்க இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து, பின்னர் மர வியாபாரம் செய்தவர். தாயார் பெயர் சுபைதா. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுள் பலர் சிறு வயதிலேயே இறந்து போயினர். முஸ்தபாவும் தங்கை மக்பூலேயும் மட்டுமே வளர்ந்து ஆளாயினர்.

மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதில் பெற்றோருக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது. சமயப் பாடம் சொல்லித்தரும் பழைய பள்ளியே வேண்டும் என்றார் தாயார். புதிய முறையில் கற்பிக்கும் ஷெம்சி எபெந்தி என்பவரின் பள்ளியே நல்லது என்றார் தந்தையார். முடிவில் தாயின் மனம் கோணாதபடி முதலில் அவர் விரும்பிய பள்ளியில் சேர்த்து, சில நாட்களுக்குப் பின் தந்தை விரும்பிய பள்ளிக்கு மாற்றினர். ஒரு சிறுவனின் படிப்புக்காக அன்று அவ்வீட்டில் எழுந்த அந்தப் பேச்சு, பிற்காலத்தில் ஒரு நாடு முழுவதற்கும் உரிய பேச்சாக மாறும் என்று யார் கண்டது?

முஸ்தபாவுக்கு ஏறக்குறைய 7 வயதாகும்போது தந்தை காலமானார். குடும்பம் வறுமையில் வாடியது. தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிராமத்தில் இருந்த தம் சகோதரரின் பண்ணைக்குச் சென்றார். அங்கே அவரை வயலில் உட்காரவைத்து, அவரை விதைகளைத் தின்ன வரும் காக்கைகளை ஓட்டும் வேலை முஸ்தபாவுக்குக் கிடைத்தது. பாடப் புத்தகம் பிடிக்க வேண்டிய கை காக்கை விரட்டியது. மகனின் படிப்பு கெடுவது கண்டு மனம் பொறாத தாயார், அவரை மீண்டும் நகரத்துக்கே அனுப்பி வைத்தார்.

அங்கே இராணுவப் பள்ளி மாணவர்கள் அணிந்த சீருடை சிறுவனின் மனத்தைக் கவர்ந்தது. மகன் போர் வீரனாவதைத் தாய் விரும்பவில்லை. ஆகவே அவருக்குத் தெரியாமலே நுழைவுத் தேர்வு எழுதித் தேறி, அதன் பின்பே செய்தியைச் சொன்னார். தோழியரே, இதனை மட்டும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை!

அப்பள்ளியில் கணக்குப் பாடத்தில் அவர் முதன்மையாக விளங்கினார். கணக்கு ஆசிரியரின் பெயரும் முஸ்தபாதான். ஒரே வகுப்பறையில் இரண்டு முஸ்தபாக்கள் இருந்தால் குழப்பம் வருமல்லவா? ஆகவே ஆசிரியர் தம் மாணவருக்குக் கமால் என்று மற்றொரு பெயர் சூட்டினார். கமால் என்றால் நிறைவு என்று பொருள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதை அவ்வாசிரியர் உணர்ந்திருந்தார் போலும். பெற்றோர் வைத்த பெயரோடு ஆசிரியர் வைத்த பெயரும் சேர்ந்து உலகம் அறிந்த பெயராயிற்று.

போர்க்களத்தில்

இஸ்தான்புல் நகரில் உயர்ந்த இராணுவக் கல்வியை முடித்து, 1905இல் கமால் கேப்டன் ஆனார். அப்பொழுது சுல்தான் அப்துல் ஹமீது ஆண்டுவந்தார். ஆட்சியைக் குறைகூறுவதே குற்றமாக இருந்த காலம் அது. சுதந்திரச் சிந்தனை கொண்ட கமால் சில காலம் சிறை வைக்கப்பட்டு, தலைநகரிலிருந்து வெகு தூரத்தில் உள்ள டமாஸ்கஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். 1911இல் லிபியாவில் இத்தாலியரை எதிர்த்துப் போரிட்டார். அடுத்த ஆண்டே அவர் பிறந்த சலோனிக்கா கிரேக்கர் கைக்குப் போயிற்று. அவருடைய தாயும் தங்கையும் வீடு வாசலை விட்டு இஸ்தான்புல்லுக்கு வந்து சேர்ந்தனர்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஒட்டோமான் அரசு ஜெர்மனியோடு சேர்ந்தது. 1915 ஏப்ரல் 25ஆம் நாள் பிரிட்டிஷ் படைகளும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களும் கலிப்பொலித் தீபகற்பத்தில் வந்து இறங்கினர். பிரிட்டிஷ் படையில் சேர்ந்திருந்த நம் இந்திய வீரர்களும் அங்கே போரிட்டனர். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், கமால் தம் படையுடன் மேட்டு நிலத்துக்கு விரைந்து சென்று எதிரிகளைத் தடுத்து நிறுத்தினார். ஆகஸ்டு மாதத்தில் நடந்த சண்டையில் குண்டுச் சிதறல் ஒன்று அவர் மார்பில் பட்டது. சட்டைப்பையில் இருந்த கடிகாரம் அதனைத் தாங்கித் தூள் தூளாயிற்று. அவர் உயிர் தப்பினார். உடைந்த அக்கடிகாரத்தைத் தம் ஜெர்மானியத் தளபதிக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தார். எட்டு மாதங்களுக்கு மேல் நடந்த அப்போரின் முடிவில் நேச நாட்டுப் படைகள் பின்வாங்கின. எனினும் இரு தரப்பிலும் மாண்டவர் எண்ணிக்கையை நினைத்தால் நெஞ்சம் நடுங்குகிறது.

அந்த ஒரு களத்தில் வென்றும், பேரரசு போரில் தோற்றது. 1918 அக்டோபர் 30இல் போர் நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் நேச நாட்டுப் போர்க்கப்பல்கள் இஸ்தான்புல்லில் நங்கூரம் பாய்ச்சின. 1919 மே 15ஆம் நாள் கிரேக்கப் படை இஸ்மிர் துறைமுகத்தில் இறங்கியது. நாட்டை வென்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள, சுல்தான் வாய் பேசாதிருந்தார்.

கடமை பிறந்த நாள்

அந்த வேளையில் சுல்தானின் அரசு கமாலுக்கு ஒரு வேலை கொடுத்தது. கருங்கடல் பகுதிக்குச் சென்று கலகத்தை அடக்கி, மக்களிடமுள்ள ஆயுதங்களைச் சேகரிக்க வேண்டும். கமால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். மே 16ஆம் நாள் பந்திர்மா என்னும் பழைய சிறு கப்பலில் இஸ்தான்புல்லை விட்டுப் புறப்பட்டார். மே 19 காலையில் சம்சூன் என்னும் ஊரில் கரை இறங்கினார். அப்போது அவருக்கு வயது 38. பெரும் படை இல்லை, பணமும் இல்லை. ஆனால் அவர் மக்களிடம் ஆயுதங்களைப் பறிக்க வரவில்லை. அவர்களைத் தட்டி எழுப்பவே வந்தார்.

ஊர் ஊராகச் சென்று மக்களைக் கூட்டினார். திரும்பி வா என்று சுல்தான் கட்டளையிட்டார். கமால் திரும்பவில்லை, ஜூலை மாதம் தம் பதவியையே துறந்தார். எந்தச் சீருடையின் மீது ஆசைப்பட்டுத் தாயிடம் சொல்லாமல் தேர்வு எழுதினாரோ, அந்தச் சீருடையை நாட்டுக்காகக் கழற்றி வைத்தார். எர்சுரும் நகரிலும் சிவாஸ் நகரிலும் மாநாடுகள் கூடின. 1920 ஏப்ரல் 23ஆம் நாள் அங்காராவில் மக்கள் பிரதிநிதிகளின் பெருஞ்சபை தொடங்கியது. அங்காரா அன்று ஒரு சிற்றூர் போன்றது. சபை உறுப்பினர்கள் உட்கார நாற்காலிகள் இல்லை. பள்ளிக்கூடத்து மாணவர் பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டு, அவற்றில் அமர்ந்து நாட்டின் தலைவிதியை முடிவு செய்தனர். சுல்தானின் அரசு கமாலுக்கு மரண தண்டனை விதித்தது. அவர் அஞ்சவில்லை.

போர் மூன்றாண்டுகள் நடந்தது. குண்டுகளையும் தளவாடங்களையும் கட்டை வண்டிகளில் ஏற்றி, மலைப்பாதை வழியே போர்முனைக்குக் கொண்டு சேர்த்தவர்களில் பெருந்தொகையினர் கிராமத்துப் பெண்கள். 1921 ஜூலையில் எதிரிப் படை அங்காராவை நோக்கி முன்னேறிக் கொண்டிருந்தது. அந்த நெருக்கடியிலும், முன்பே ஏற்பாடாகியிருந்த கல்வி மாநாட்டைக் கமால் தள்ளிவைக்கவில்லை. தாமே வந்து தொடங்கிவைத்தார். பீரங்கி முழங்கும் நேரத்தில் பாடத்திட்டம் பற்றிப் பேசிய தலைவர் அவர்.

அதே ஆண்டு சகாரியா ஆற்றங்கரையில் 22 நாட்கள் இரவும் பகலுமாகப் போர் நடந்தது. சில நாட்களுக்கு முன் குதிரையிலிருந்து விழுந்ததில் விலா எலும்பு முறிந்திருந்தும், கமால் களத்தை விட்டு அகலவில்லை. 1922 செப்டம்பர் 9ஆம் நாள் துருக்கிப் படை இஸ்மிருக்குள் நுழைந்தது. நவம்பர் முதல் நாள் சுல்தான் ஆட்சி ஒழிந்தது. 1923 ஜூலை 24இல் லொசான் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அக்டோபர் 29ஆம் நாள் துருக்கி குடியரசாயிற்று. முஸ்தபா கமால் முதல் குடியரசுத் தலைவரானார். மகனின் படிப்புக்காக அரும்பாடுபட்ட தாய் சுபைதா அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே கண் மூடிவிட்டார்.

எழுத்து அறிவித்தவர்

போரில் வென்றவர்கள் சரித்திரத்தில் பலர் உண்டு. வென்ற பின் வாளை உறையிலிட்டுக் கரும்பலகையைத் தேடிச் சென்றவர் எத்தனை பேர்? 1927ஆம் ஆண்டின் கணக்குப்படி துருக்கியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 10 பேர்தான். பெண்களின் நிலையோ இன்னும் கீழே. துருக்கி மொழியை அதுவரை அரபு எழுத்தில் எழுதி வந்தனர். துருக்கி மொழிக்கு உயிர் ஒலிகள் எட்டு. அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட அவ்வெழுத்துப் போதவில்லை. எனவே இலத்தீன் எழுத்துக்களைக் கொண்டு புதிய நெடுங்கணக்கு ஒன்றை அமைக்க ஒரு குழுவைக் கமால் ஏற்படுத்தினார். மாற்றம் முற்றுப்பெறச் சில ஆண்டுகளாவது வேண்டும் என்று அறிஞர்கள் எண்ணினர். சில மாதங்களே போதும் என்று கமால் முடிவு செய்தார். 1928 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு இஸ்தான்புல்லில் ஒரு பூங்காவில் கூடியிருந்த மக்களிடம் புதிய எழுத்துக்களைப் பற்றி அறிவித்தார். நவம்பர் முதல் நாள் 29 எழுத்துக்கள் கொண்ட அந்த நெடுங்கணக்கு சட்டமாயிற்று.

இதற்கிடையில் அவர் ஊர்களுக்குப் பயணமானார். சென்ற இடங்களில் கரும்பலகையை நிறுத்தி, தாமே எழுதிக் காட்டினார். கூடியிருந்தவர்களை அழைத்து எழுதச் செய்தார். நான் பார்த்த படம் அந்தச் செப்டம்பரில் கைசேரி நகரில் எடுத்தது. 1929 ஜனவரி முதல் மக்கள் பள்ளிகள் திறக்கப்பட்டன. 16 வயது முதல் 45 வயது வரை உள்ள ஆண்களும் பெண்களும் மாலை நேரங்களில் பாடம் கற்றனர். 1935இல் எழுத்தறிந்தவர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 20 ஆக உயர்ந்தது. அரசு அவருக்குத் தலைமை ஆசிரியர் என்னும் பட்டம் அளித்தது. அதன் நினைவாக இன்றும் நவம்பர் 24ஆம் நாள் துருக்கியில் ஆசிரியர் தினம்.

கணக்குப் பாடத்தை அவர் மறக்கவில்லை. 1936-37 குளிர்காலத்தில், நாட்டுத் தலைவராக இருந்தபடியே, மாணவருக்காக வடிவியல் நூல் ஒன்றைத் தம் கைப்பட எழுதினார். முக்கோணம் முதலியவற்றுக்கு எளிய துருக்கிச் சொற்களை அதில் ஆக்கித் தந்தார். கமால் என்று பெயரிட்ட அந்தக் கணக்கு ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த காணிக்கை எது?

பெண்களுக்கு அவர் செய்தவை நம் உள்ளத்தை இன்னும் தொடுவன. 1926ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தடை செய்தது. மணவிலக்கிலும் சொத்துரிமையிலும் பெண்ணுக்குச் சம நீதி வழங்கியது. 1930இல் நகராட்சித் தேர்தல்களிலும், 1934 டிசம்பர் 5இல் நாடாளுமன்றத் தேர்தலிலும் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். பிரெஞ்சு நாட்டுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1944இல்தான் கிடைத்தது. 1935இல் நடந்த தேர்தலில் 17 பெண்கள் துருக்கி நாடாளுமன்றத்தில் அடி எடுத்து வைத்தனர்.

கமாலின் திருமணம் இரண்டரை ஆண்டுகளில் முறிந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் பல குழந்தைகளை, பெரும்பாலும் பெண் குழந்தைகளை, தம் பிள்ளைகளாக ஏற்றுப் படிக்கவைத்தார். பூர்சா நகரில் பெற்றோரை இழந்து நின்ற சபிஹா என்னும் 12 வயதுச் சிறுமி அவர்களுள் ஒருத்தி. படிக்க வேண்டும் என்னும் ஆசையைத் தலைவரிடமே சென்று சொன்னவள். அவள்தான் பின்னர் விமானம் ஓட்டக் கற்று, உலகின் முதல் பெண் போர் விமானிகளுள் ஒருவராகப் பெயர் பெற்ற சபிஹா கோக்சென். இஸ்தான்புல்லின் விமான நிலையம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் நம் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். துருக்கியரில் பெரும்பாலோருக்கு அதுவரை குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. எல்லோரும் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1934இல் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் கமாலுக்கு அளித்த பெயரே அத்தாதுர்க். துருக்கியரின் தந்தை என்பது அதன் பொருள். வேறு எவரும் அப்பெயரை வைத்துக்கொள்ளலாகாது.

நிழலும் உண்டு

தோழியரே, ஒருவரைப் புகழ்ந்து எழுதும்போது குறைகளை மறைத்துவிடுவது எளிது. ஆனால் சரித்திரம் படிக்கிறவர்கள் அப்படிச் செய்யலாகாது. கமாலின் கை சில வேளைகளில் மிகக் கடுமையாக இருந்தது. அவர் காலத்தில் எதிர்க்கட்சிகள் இரண்டு முறை தோன்றி, சில மாதங்களிலேயே மறைந்தன. பத்திரிகைகள் மூடப்பட்டன. 1925இல் ஃபெஸ் என்னும் பழைய குல்லாவைத் தடை செய்து, மேனாட்டுத் தொப்பி அணியச் சட்டம் போட்டார். அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த சிலர் தூக்கிலிடப்பட்டனர். குர்து மக்களின் கிளர்ச்சிகள் இரக்கமின்றி அடக்கப்பட்டன. 1937-38இல் தெர்சிம் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நாம் வியந்த சபிஹாவும் அங்கே விமானத்திலிருந்து குண்டு வீசினார் என்பதைப் படித்தபோது என் மனம் வேதனைப்பட்டது. லொசான் உடன்படிக்கையை ஒட்டி, ஏறத்தாழ 12 இலட்சம் கிரேக்கக் கிறிஸ்தவர்களும் 4 இலட்சம் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களை இழந்து இடம் பெயர்ந்தனர்.

1924 மார்ச் 3இல் அவர் கலீபா பதவியை ஒழித்தார். அப்பதவியைக் காப்பதற்காகவே நம் நாட்டில் கிலாபத் இயக்கம் நடந்தது. அண்ணல் காந்தி அதனை ஆதரித்தார். துருக்கியருக்காக இங்கே நிதி திரட்டிய பலருக்கு அச்செய்தி பேரிடியாக இருந்தது. எழுத்து மாற்றத்திலும் ஓர் இழப்பு உண்டு. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரனால் படிக்க முடியாமற் போயிற்று.

ஆகவே அவரைக் குற்றமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே மனிதரிடம் ஒளியும் நிழலும் இருந்தன. ஒளியை எடுத்துக்கொள்வதும் நிழலை அறிந்துகொள்வதும் நம் கடமை.

இளைஞர்க்கு ஒரு நாள்

1927 அக்டோபரில் கமால் ஒரு பேருரை ஆற்றினார். ஆறு நாட்கள், மொத்தம் சுமார் 36 மணி நேரம்! நம் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் உட்காரவே நாம் படும் பாடு நமக்குத் தெரியும். அவ்வுரை 1919 மே 19இல் சம்சூனில் கரை இறங்கியதிலிருந்து தொடங்குகிறது. முடிவில், தாம் பெற்றுத் தந்த குடியரசை இளைஞர்கள் கையில் ஒப்படைக்கிறார். தொடக்கம் மே 19, முடிவு இளைஞர்கள். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்றைய திருநாள்.

தம் பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. ஆகவே மே 19ஐயே பிறந்த நாளாகக் கொண்டார். 1938 மே 19 அன்று, கடும் நோயுற்றிருந்தும், அங்காரா மைதானத்துக்கு வந்து மாணவ மாணவியரின் உடற்பயிற்சிக் காட்சியைக் கண்டு களித்தார். அடுத்த மாதமே அந்நாள் சட்டப்படி இளைஞர், விளையாட்டுத் திருநாளாயிற்று. அதுவே அவர் கண்ட கடைசி மே 19. அதிகமாக மது அருந்தும் பழக்கம் அவருக்கு இருந்தது, கல்லீரல் கெட்டது. 1938 நவம்பர் 10ஆம் நாள் காலை 9 மணி 5 நிமிடத்துக்கு இஸ்தான்புல் தோல்மாபாச்சே அரண்மனையில் 57ஆம் வயதில் உயிர் துறந்தார். தம் பண்ணைகளை முன்னரே நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். உயிலிலும் மொழிக் கழகத்துக்கும் வரலாற்றுக் கழகத்துக்கும் வருவாய் ஒதுக்கி, நண்பரின் பிள்ளைகளுடைய மேற்படிப்புக்கும் வழி செய்திருந்தார்.

அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1981இல் அந்நாளின் பெயரோடு அத்தாதுர்க் நினைவும் சேர்க்கப்பட்டது. இன்றும் மே 19 வந்தால் துருக்கியில் பள்ளிகளுக்கு விடுமுறை. ஓட்டப் பந்தயங்கள், அணிவகுப்புகள், இசை நிகழ்ச்சிகள் எனத் தெருவெல்லாம் கோலாகலம். நவம்பர் 10 காலை 9.05க்குச் சங்கு ஊதும். சாலையில் செல்வோர் அப்படியே நின்று மௌன அஞ்சலி செலுத்துவர்.

எங்கள் வீட்டுக் கரும்பலகை

இனி, முதலில் சொல்வதாக வாக்களித்ததைச் சொல்லி முடிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு முறை என் பெற்றோர் வெளியூர் சென்றிருந்தனர். என் மதிப்பெண் அட்டையில் பாட்டிதான் கையெழுத்திட வேண்டியதாயிற்று. பாட்டிக்கு எழுதத் தெரியாது. கட்டை விரலில் மை தடவி வைத்தார்கள். மறுநாள் அந்த ரேகையைத் தோழிகள் பார்த்துவிடக்கூடாது என்று உள்ளங்கையால் மூடியபடியே அட்டையை ஆசிரியையிடம் நீட்டினேன். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர் பாட்டி அல்லர். பத்தாண்டுகள் ஒரே வீட்டில் புத்தகமும் கையுமாக இருந்துகொண்டு, ஓர் எழுத்துக்கூட அவர்களுக்குச் சொல்லித் தராத நான்தான்.

கைசேரிப் படத்தைப் பார்த்த பின், கோடை விடுமுறையில் பழைய சிலேட்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். இந்த வயதில் எனக்கெதற்கடி என்று பாட்டி சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து, அடுப்பு வேலை முடிந்ததும் அவர்களே சிலேட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். விறகும் அரிவாளும் பிடித்த விரல்கள் பலப்பத்தைப் பிடிக்கச் சிரமப்பட்டன. அகரத்தின் சுழி ஒரு வாரம் வரை வசப்படவில்லை. ஆனால் பாட்டி விடவில்லை, நானும் விடவில்லை.

ஒரு நாட்டுத் தலைவர் ஏன் சுண்ணக்கட்டியை எடுத்தார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. போரில் வென்று பெற்ற நாடு, கையெழுத்திடத் தெரியாதவர்களின் நாடாக இருக்கும்வரை அது முழுதும் அவர்களுடையது ஆகாது.

அன்புத் தோழியரே, நம் வீட்டிலும் தெருவிலும் இன்னும் விரல் ரேகை வைப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் ஒவ்வொருவரும் ஒருவருக்கு எழுத்தறிவிப்போமானால், அந்த வேலையைத் தொடங்கும் நாளே நமக்கும் இன்னொரு பிறந்த நாளாகும். அத்தாதுர்க்கின் ஒளியை எடுத்துக்கொண்டு, அன்பு வழியில், எவரையும் வற்புறுத்தாமல் அதனைச் செய்வோமாக.

இந்த ஆண்டுக் காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுமாறு அப்பாவிடம் நான் கேட்கவில்லை, பாட்டியிடமே கொடுத்தேன். எழுத்துக்கள் கோணலாகவும், வரி விட்டு இறங்கியும் இருந்தன. அட்டையை மூடாமல், விரித்தபடியே வகுப்புக்குக் கொண்டு சென்றேன்.

பத்தாம் வகுப்பு மாணவி